பாலாத்துல தண்ணி இல்ல, படகு மட்டும் எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோட் வரலன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் ஆம்பூர்னு ரெகுலரா கேக்கறவங்களுக்குத் தெரியும். ஆம்பூர்னு சொன்னதும் எதிர்ல இருக்கறவங்க ரெண்டு விஷயம் சொல்வாங்க. ஒண்ணு பிரியாணி, இன்னொண்ணு ஷூ. இன்னிக்கு அந்த ரெண்டையும் விட்டுட்டு மூணாவதா ஒண்ணு பேசப் போறேன். ரோயிங். துடுப்புப் படகுப் போட்டி.

சிரிக்காதீங்க. நான் சிரிச்சுத்தான் மாட்டிக்கிட்டேன்.

என் அக்கா பொண்ணு ஆம்பூர்ல பிளஸ் ஒன் படிக்கறா. ஐந்தடி ஒன்பது அங்குலம். எங்க வீட்டு ஆம்பளைங்களை விட உயரம். ஸ்கூல்ல வாலிபால் ஆடுவா. அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில உக்காந்திருந்தோம். போனைக் கொண்டு வந்து ஒரு வீடியோ காட்டினா. பத்தொன்பது வயசுக்கு உட்பட்டவங்களுக்கான உலக ஜூனியர் ரோயிங் போட்டி. ஏரி மாதிரி ஒரு தண்ணி, ஆறு பாதை, ஆறு படகு. "மாமா, இவங்க எல்லாம் என் வயசுப் பொண்ணுங்க. இதுக்கு எங்க போய்ச் சேரணும்?"

நான் யோசிக்காம சொல்லிட்டேன்: "முதல்ல நம்ம ஆத்துல தண்ணி வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

அவ முகம் சுருங்கிடுச்சு. போனை வாங்கிக்கிட்டுக் கீழ போயிட்டா. ஒரு பதினாறு வயசுப் பொண்ணு ஆசைப்பட்டு ஒரு கேள்வி கேட்டா, நான் ஜோக் அடிச்சேன். அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அடுத்த நாலு நாள் உக்காந்து படிச்சேன். இந்த எபிசோட் அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதல்ல இந்த விளையாட்டு என்னன்னு பாத்துடலாம். நேர்கோட்டுல 2000 மீட்டர். வளைவு கிடையாது. ஒரு ஆள் ரெண்டு துடுப்போட போற படகுக்கு சிங்கிள் ஸ்கல்னு பேர். சுமார் எட்டு மீட்டர் நீளம், ஒரு அடி அகலம். எடை குறைஞ்சது 14 கிலோ இருக்கணும்னு விதி. அதாவது ஒரு கேஸ் சிலிண்டருக்குள்ள இருக்கற கேஸ் அளவு எடைதான். துடுப்பு தண்ணியில இல்லாதப்போ உடம்பைக் கொஞ்சம் சாச்சாக்கூட கவுந்துடும்.

ஓட்டறவங்க பின்பக்கம் பாத்து உக்காந்திருப்பாங்க. எங்க போறோம்ங்கறது தெரியாது, எங்கிருந்து வந்தோம்ங்கறதுதான் தெரியும். சீட்டுக்குக் கீழ சக்கரம் இருக்கு, முன்னாடி பின்னாடி நகரும். கைதான் வேலை செய்யுதுன்னு நாம நினைப்போம். ஆனா பெரும்பங்கு பலம் கால்ல இருந்து வருது. கால் உதைக்குது, முதுகு சாயுது, கடைசியாத்தான் கை இழுக்குது. அதனாலதான் உயரமானவங்களைத் தேடறாங்க. கால் நீளமா இருந்தா ஒவ்வொரு இழுப்பும் நீளமா வரும்.

தமிழ்ல படகு "வலிக்கறது"ன்னு ஒரு சொல் இருக்கு. துடுப்பு வலிப்பது. இழுக்கறதுக்கும் வலிதான், நோகறதுக்கும் வலிதான். 2000 மீட்டரை முடிச்சவங்க முகத்தைப் பாத்தா ரெண்டு அர்த்தமும் ஒண்ணுதான்னு தோணும்.

ஜூனியர்னா யாரு? எந்த வருஷம் உங்களுக்கு 18 வயசு ஆகுதோ, அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும் நீங்க ஜூனியர். 1967ல ஜெர்மனியில ராட்ஸபுர்க்ங்கற ஊர்ல இளைஞர் போட்டியா ஆரம்பிச்சது, 1985ல இருந்து உலக ஜூனியர் சாம்பியன்ஷிப். என் அக்கா பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சொச்சம்தான் இருக்கு. இந்தக் கணக்கைப் பின்னாடி திரும்ப எடுப்போம்.

இப்போ அவளோட கேள்விக்கு வர்றேன். தண்ணி இல்லாத ஊர்ல பொறந்தவங்க இந்த விளையாட்டுக்கு வர முடியுமா?

இந்தியாவுக்காக ரோயிங்ல சாதிச்சவங்க எந்த ஊர்னு ஒரு லிஸ்ட் போட்டேன். கேரளா, வங்காளம்னு வரும்னு நினைச்சேன். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல ரோயிங்ல இந்தியாவோட முதல் தங்கத்தை எடுத்தவர் பஜ்ரங் லால் தாக்கர். ஊர் ராஜஸ்தான்ல சீக்கர் மாவட்டம். கிட்டத்தட்ட பாலைவனத்து வாசல். டோக்கியோ ஒலிம்பிக்ல ரெண்டு பேர் படகுல போனவங்கள்ல அர்ஜுன் லால் ஜாட், அவரும் ராஜஸ்தான். கூடப் போன அர்விந்த் சிங் உத்தரப் பிரதேசம். 2024 பாரிஸுக்குப் போன ஒரே இந்தியப் படகு பல்ராஜ் பன்வாரோடது. அவர் ஹரியானாவுல கர்னால் பக்கம் ஒரு கிராமத்துக்காரர்.

இதுல என்னை ரொம்ப உலுக்கினது தத்து போக்கனால் கதை. மகாராஷ்டிராவுல நாசிக் மாவட்டம், மழை பொய்க்கற பகுதி. அப்பாவோட சேந்து கிணறு வெட்டற வேலைக்குப் போனவர். யோசிச்சுப் பாருங்க, தண்ணியைத் தேடி மண்ணைத் தோண்டிக்கிட்டிருந்த பையன். 2012ல ராணுவத்துல சேந்தப்புறம்தான் துடுப்பையே கையில எடுக்கறார். தண்ணின்னா பயம் வேற. நாலே வருஷம். 2016ல ரியோ ஒலிம்பிக்ல தனிப்படகுல 13ஆவது இடம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தனிப் போட்டியில உடம்பு முடியாம கடைசியா வந்தார். அடுத்த நாளே நாலு பேர் படகுல ஏறி, ஸ்வரன் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோட சேந்து தங்கம் எடுத்தார்.

ஆக, ஊர்ல தண்ணி இருக்கறது இதுக்குக் காரணமே இல்ல. அப்போ இவங்க எல்லார்க்கும் பொதுவா என்ன இருந்துச்சு? ராணுவம். நான் சொன்ன அத்தனை பேரும் ராணுவத்துல சேந்தப்புறம் வந்தவங்க. உயரமா, பலமா இருக்கற ஜவான்களைப் பாத்து, "நீ வா, படகுல உக்காரு"ன்னு கூப்பிட ஒரு ஆள் இருந்தார். புனேயில பயிற்சி மையம் இருந்துச்சு. படகு வாங்கித் தர ஒரு நிறுவனம் இருந்துச்சு. சாப்பாடு, சம்பளம், கோச் எல்லாம் இருந்துச்சு.

வேலூர்க்காரங்களுக்கு இது புதுசா இருக்காது. வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டைங்கற கிராமத்தை "ராணுவப்பேட்டை"ன்னே கூப்பிடுவாங்க. வீட்டுக்கு ஒருத்தர் ராணுவத்துல இருப்பாங்க. ஹரியானாவுல, ராஜஸ்தான்ல நடந்த மாதிரி இங்க இருந்தும் ஒரு ரோயர் வந்திருக்கலாம். எந்த மலையும் குறுக்க நிக்கல.

இன்னொரு உதாரணம் நம்ம வேலூர்லயே இருக்கு. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட், ரெண்டு காமன்வெல்த் போட்டியிலயும் 77 கிலோ பளு தூக்கறதுல தங்கம். வேலூர் மண்ணுல பளு தூக்கறதுக்குன்னு ஸ்பெஷலா என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. ஒரு கம்பி, சில தட்டு, சொல்லிக் குடுக்க முன்னாடி தூக்கின ஒருத்தர். அவரோட அப்பாவே ராணுவத்துல இருந்தவர், பளு தூக்கினவர். ஒரு தெருவுல ஒருத்தர் ஜெயிச்சா அடுத்த பத்து பசங்க அந்தக் கம்பியைத் தொட்டுப் பாப்பாங்க. ரோயிங்குக்கு அந்த முதல் கம்பி நம்ம ஊருக்கு வரல. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஆத்தைப் பத்தியும் பேசாம போக முடியாது. ஏன்னா நான் அடிச்ச ஜோக் ஜோக்கே இல்ல.

பாலாறு கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, ஆந்திரா வழியா வந்து, தமிழ்நாட்டுலதான் அதிக தூரம், சுமார் 222 கிலோமீட்டர் ஓடுது. ஓடுதுன்னு சொல்றது பழக்க தோஷம். என் சின்ன வயசுல அது கிரிக்கெட் கிரவுண்டு. 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்போ ஊரே பாலத்து மேல நின்னு வேடிக்கை பாத்துச்சு. பெரியவங்க சிலர் கையெடுத்துக் கும்பிட்டாங்க. என் அக்கா பொண்ணு ஆத்துல ஆறு ஓடறதை முதல் தடவை பாத்தது அன்னிக்குத்தான்.

தண்ணி வராததுக்கு மழை, தடுப்பணை, மணல் கொள்ளைன்னு பல காரணம். இருந்த நிலத்தடித் தண்ணியும் கெட்டுப் போனதுக்குத் தோல் ஷாப்புக் கழிவு காரணம். 1996ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல கொடுத்த தீர்ப்பை நாடு முழுக்க சட்டக் கல்லூரியில படிக்கறாங்க. மாசுபடுத்தினவன்தான் செலவை ஏத்துக்கணும்ங்கற கொள்கை இந்தியச் சட்டத்துல அழுத்தமா பதிஞ்சது அந்தத் தீர்ப்புலதான். 2025 ஜனவரியில திரும்பவும் உச்ச நீதிமன்றம் இதே தோல் ஷாப்புக் கழிவைப் பத்தி, நஷ்ட ஈட்டைப் பத்தி, கண்காணிப்பைப் பத்தி உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. நடுவுல கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

இதை நான் வெளியாள் மாதிரி பேச முடியாது. என் அக்கா ஷூ கம்பெனியில தையல் செக்‌ஷன்ல வேலை பாக்கறா. ஷூவோட மேல் பாகம், அப்பர்னு சொல்வாங்க, அதைத் தைக்கறது அவ வேலை. காலையில கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். என் டிகிரி ஃபீஸ்ல பாதி அவ சம்பளம். அந்தத் தோல்தான் எங்க வீட்டுக்குச் சோறு போட்டுச்சு, அதே தோல்தான் எங்க கிணத்துத் தண்ணியைக் கெடுத்துச்சு. இந்த ரெண்டையும் ஒரே வாக்கியத்துல சொல்லிப் பழகணும்.

இப்போ அக்காகிட்ட பேசின கதை. நாலு நாள் படிச்சதை எல்லாம் அக்காகிட்ட சொன்னேன். பாதியிலயே நிறுத்தினா.

"இன்னாடா சொல்ற? அவளுக்கு நீச்சலே தெரியாது. கவுந்தா யாரு எடுப்பா?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்றதுக்குப் பதிலா ஒரு படத்தைக் காட்டினேன். ரோயிங் படகுக்குள்ள ஷூ இருக்கும். ஓட்டறவங்க தன் ஷூவைக் கழட்டிட்டு, படகுலயே பொருத்தியிருக்கற ஷூவுக்குள்ள காலை விட்டுக்கணும். கால் உதைக்கற பலம் முழுக்க அந்த ஷூ வழியாத்தான் படகுக்குப் போகுது.

அக்கா போனைப் பிடுங்கிக்கிட்டா. ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாத்தா. "ஷூவை போட்டுலயே திருகி வெச்சிருக்காங்களா? மேல இன்னா மெட்டீரியல் போட்டிருக்காங்க? குதிகால்ல இந்தக் கயிறு எதுக்கு?"

அந்தக் கயிறுதான் அவ கேள்விக்குப் பதில். குதிகாலை ஒரு சின்னக் கயிறு போட்டுப் படகோட கட்டியிருப்பாங்க. குதிகால் கொஞ்ச உயரத்துக்கு மேல எழும்ப முடியாது. படகு கவுந்தா, காலை இழுத்தா, ஷூ படகோட நின்னுடும், கால் வெளிய வந்துடும். கட்டு இருந்தாலும் ஒரே கையால ஒரே இழுப்புல அவுக்கற மாதிரி இருக்கணும். போட்டிக்கு முன்னாடி இதைச் செக் பண்ணுவாங்க, சரியில்லன்னா தண்ணியில இறங்க விட மாட்டாங்க. ஆனா நீச்சல் கத்துக்கிட்டுத்தான் படகுல ஏறணும், அதுல சமரசம் கிடையாது.

அக்கா ஒரு நிமிஷம் பேசல. இருபது வருஷமா ஷூ தைக்கறவ. ஒரு ஷூ உயிரைக் காப்பாத்தும்னு அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கல, பாத்ததும் புரிஞ்சுக்கிட்டா. இன்னொண்ணும் சொன்னேன். கார்பன், பிளாஸ்டிக் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி, மரத்துடுப்பு படகுல உரசற இடத்துல தேயாம இருக்கத் தோலைச் சுத்தித் தைப்பாங்க, கொழுப்பு தடவுவாங்க. "அப்ப நம்ம வேலையும் இருந்திருக்கு"ன்னா.

ரெண்டாவது கேள்வி வந்துச்சு. "இதுல வேலை கிடைக்குமா?"

நேர்மையா சொல்லணும். ராணுவத்துப் பாதை பையன்களுக்கு அமைஞ்ச மாதிரி பொண்ணுங்களுக்கு இன்னும் அமையல. ஆலப்புழாவுல இந்திய விளையாட்டு ஆணையத்தோட நீர் விளையாட்டு மையம் இருக்கு, அங்க பொண்ணுங்க பயிற்சி எடுக்கறாங்க. தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுக்குத் தேசிய, சர்வதேச அளவுல பதக்கம் வேணும். கேரண்டி யாரும் தர முடியாது.

இங்கதான் அந்த வயசுக் கணக்கு. தத்து 21 வயசுல ஆரம்பிச்சவர். ஜூனியர் போட்டி எல்லாம் அவர் கண்ணுலயே படல. ஒலிம்பிக்ல அவர் பக்கத்துப் பாதையில இருந்தவங்கள்ல பலர் பதினேழு வயசுலயே உலக ஜூனியர் போட்டியைப் பாத்தவங்க. அத்தனை பின்தங்கி ஆரம்பிச்சும் 13ஆவது. ஒரு பதினாறு வயசுல ஆரம்பிச்சிருந்தா? நம்ம நாட்டுல திறமைக்குக் குறைச்சல் இல்ல, ஆரம்பிக்கற வயசுதான் லேட்.

ஆம்பூர்ல இருந்து எங்க போறது? பக்கத்துல காவேரிப்பாக்கம் ஏரி, குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை எல்லாம் மழை நல்லா பெய்ஞ்ச வருஷத்துல நிறைஞ்சு நிக்கும். படகும் கோச்சும்தான் இல்ல. சென்னையில அடையாறு கரையில மெட்ராஸ் போட் கிளப் 1867ல இருந்து இருக்கு. கொழும்பு கிளப்போட நூறு வருஷத்துக்கும் மேலா போட்டி போடறாங்க. அந்த ஆத்துத் தண்ணியும் சுத்தம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாலத்தைத் தாண்டறோம். அதுலதான் தலைமுறை தலைமுறையா படகு வலிச்சிருக்காங்க.

இன்னொரு வாசலும் புதுசா திறந்திருக்கு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல பீச் ஸ்பிரிண்ட்னு ஒரு ரோயிங் போட்டி முதல் தடவையா வருது. கடற்கரை மணல்ல ஓடி, படகுல ஏறி, மிதவைகளைச் சுத்தி வளைஞ்சு 250 மீட்டர் உள்ள போய், திரும்பி நேரா வந்து, குதிச்சு மணல்ல ஓடி பஸரை அடிக்கணும். அகலமான, கனமான படகு. அலை பழகின கடற்கரைப் பசங்களுக்கு இது அல்வா. தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கு. மணல்ல ஓடறதுன்னா பாலாத்துப் பசங்களும் சளைச்சவங்க இல்ல.

கடைசியா பல்ராஜ் பன்வார் கதையில ஒரு துண்டு. பாரிஸ்ல முதல் சுற்றுல அவர் நாலாவது. நேரா காலிறுதிக்குப் போக முடியல. ஆனா அங்க "ரெப்பசாஜ்"னு ஒரு சுற்று இருந்துச்சு. பிரெஞ்சு வார்த்தை, திரும்ப மீட்டு எடுக்கறதுன்னு அர்த்தம். முதல் தடவை தோத்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு. அதுல ரெண்டாவதா வந்து காலிறுதிக்குப் போனார். கடைசியில 23ஆவது இடம். பதக்கத்துக்கு வழியில்லன்னு தெரிஞ்சப்புறமும், அந்த 23ஐ முடிவு பண்ண முழு 2000 மீட்டரும் வலிச்சார். எனக்கு இந்த விளையாட்டுல பிடிச்சதே அதுதான். யாரையும் சும்மா வீட்டுக்கு அனுப்பறதில்ல. உன் இடம் எதுன்னு சரியா சொல்லித்தான் அனுப்பறாங்க.

ஊர்ல இருந்து கிளம்பற அன்னிக்கு மூணு பேரும் வேலூர் போனோம். ஒரு ஜிம்ல ரோயிங் மெஷின் இருந்துச்சு. ஓனர்கிட்ட கேட்டு அரை மணி நேரம் வாங்கினேன். தண்ணியே வேணாம், 2000 மீட்டர் அதுலயே அளக்கும். உலகம் முழுக்க ரோயர்களைத் தேர்ந்தெடுக்கறப்போ இந்த மெஷின் டைமைத்தான் முதல்ல கேப்பாங்க. உலக ஜூனியர் மட்டத்துப் பொண்ணுங்க ஏழு நிமிஷத்தை ஒட்டி முடிப்பாங்க.

இவ 500 மீட்டர் வேகமா போனா. ஆயிரத்துல மூச்சு வாங்குச்சு. ஆயிரத்து ஐந்நூறுல நிறுத்திடுவான்னு நினைச்சேன். நிறுத்தல. 9 நிமிஷம் 40 விநாடி. இறங்கினதும் கால் நிக்கல, தரையில படுத்துட்டா.

ஏழுக்கும் ஒன்பதே முக்காலுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு. அது அவளுக்கும் தெரியும். ஆனா மொட்டை மாடியில நான் சொன்ன பதிலை விட இது நல்ல பதில். இப்போ அவகிட்ட ஒரு நம்பர் இருக்கு. அதைக் குறைக்க முடியுமான்னு பாக்கலாம்.

அக்கா தண்ணி பாட்டிலைத் திறந்து அவ தலைமாட்டுல உக்காந்தா. திட்டுவான்னு நினைச்சேன். என்னைப் பாத்து கேட்டா: "லீவுல நீச்சல் கிளாஸ் எங்கடா நடக்குது?"

அடுத்த லீவுக்கு பொண்ணு சென்னைக்கு, என் வீட்டுக்கு வர்றா. முதல்ல நீச்சல், அப்புறம் படகு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ரோயிங் பழகினவங்க, பழைய ராணுவ ரோயர்கள் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா எங்களுக்கு எழுதுங்க. ஒரு கோச், ஒரு ஏரி, ரெண்டு படகு. ஆரம்பிக்க அது போதும். என்ன ஆச்சுன்னு ஒரு வருஷம் கழிச்சு வந்து சொல்றேன். அவ நம்பரோட.

அடுத்த வாரம் பாக்கலாம் மக்களே.